எந்த ஊர், என்ன குலம்: இரட்டைமலை சீனிவாசனின் தன்வரலாறு எழுப்பும் கேள்வி

இரட்டைமலை சீனிவாசன் எழுதிய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' 1939-இல் வெளிவந்தது. செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர். நீலகிரியில் வெள்ளைக்காரர்களின் வணிக நிறுவனத்தில் கணக்கராக இருந்தவர். 1890-இல் சென்னைக்கு வந்து பொதுவாழ்வில் இறங்கியவர். பின்னர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். 1923-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனார். நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பதை ஒட்டியிருந்தது. தலித் ஒருவர் தமிழில் எழுதிய முதல் தன்வரலாறு என்று இதைச் சொல்வது வழக்கம்.

அரசியல் தலைவர் ஒருவர் தம் பிறப்பையும் குடும்பத்தையும் பற்றி எழுதினால் வாசகர் சிலவற்றை எதிர்பார்ப்பார்: பாட்டனார் பெருமை, ஊர்க் குளம், அம்மா சொன்ன கதை. இந்த நூலில் அவை மிகக் குறைவு. மறு ஆண்டு, 1940-இல், ஆனந்த விகடனில் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' தொடராக வரத் தொடங்கியது. அது ஊரில் தொடங்கி, முன்னோர்களைச் சாவகாசமாகச் சொல்லி, பிறகுதான் கதாநாயகனின் பிறப்புக்கு வருகிறது. ஒரே தலைமுறையில், ஒரே மொழியில் எழுதிய இருவருக்குள் இவ்வளவு வேற்றுமை இருப்பதற்கு நடை மட்டும் காரணமில்லை. ஒருவருக்கு வேர் என்பது நிழல் தரும் சொத்து. இன்னொருவருக்கு அது எங்கே வெளிப்பட்டுவிடுமோ என்று பள்ளிப் பருவம் முழுக்க அஞ்சிய ரகசியம்.

நூலின் மிகக் கூர்மையான பகுதி கோயமுத்தூர்ப் படிப்பைப் பற்றியது. அங்கே படித்த ஏறக்குறைய நானூறு மாணவர்களில் பத்துப் பேர் போக மற்றவர்கள் பிராமணர்கள் என்று சீனிவாசன் கணக்குச் சொல்கிறார். பிள்ளைகளோடு பழகினால் ஊர், குடும்பம், சாதி ஆகியவற்றை விசாரிப்பார்கள். தெரிந்துகொண்டால் தாழ்வாக நடத்துவார்கள். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் யாரும் பிடித்துக்கொள்ளாதபடி வீட்டுக்கு விரைவார். யாரும் அடித்ததாகவோ வைததாகவோ அவர் எழுதவில்லை. "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டுவிடக்கூடாதே என்பதுதான் பயம்.

அந்தக் கேள்வியின் கனம் மதுரைச் சீமையில் வளர்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரங்களில் அறிமுகமில்லாத ஒருவரிடம் பேச்சுத் தொடங்கினால் முதலில் ஊரைக் கேட்பார்கள், அடுத்து யார் வீடு என்பார்கள், பிறகு "சாமி எது?" என்பார்கள். மூன்றாவது விடை வந்ததும் ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும். சாதியை வாய்விட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. பிழைப்புக்காகச் சென்னைக்கோ சூரத்துக்கோ போனவர்களும் மாசிச் சிவராத்திரிக்குக் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். உசிலம்பட்டிப் பக்கத்தில் அந்த நாட்களில் சாமிப் பெட்டியைத் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். ஊரைவிட்டு ஒரேயடியாகக் குடிபெயர்ந்தவர்கள் பழைய கோயில் வாசலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புதிய இடத்தில் பீடம் போட்டுக்கொள்வார்கள். தெய்வம் மண்ணோடு கூட வரும் என்பது நம்பிக்கை.

வேர் பற்றிய மக்கள் தத்துவம் இந்தப் பிடிமண்ணில் இருக்கிறது. மனிதன் தனியாள் இல்லை. செத்தவர்களும் இனிப் பிறக்கப்போகிறவர்களும் சேர்ந்த வரிசையில் ஒரு கண்ணி. பெரிய கோயில்களின் ஆகமத்துக்கும் வேதாந்த நூல்களுக்கும் இல்லாத ஒரு வெதுவெதுப்பு இந்த எண்ணத்தில் உண்டு. ஆனால் இதே வரிசைதான் யார் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்பதையும் தீர்மானித்தது. பிடிமண் கொண்டுபோனவருக்குத் துணையாக வந்த அடையாளம், கோயமுத்தூர் மாணவனைப் பள்ளி வாசலுக்கு வெளியே உட்காரவைத்தது. இரண்டையும் தனித்தனியே பிரித்து, நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் குலதெய்வக் கும்பிடுகளை அருகிலிருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

வேரை எழுதிவைக்கும் வழக்கம் நவீனத் தன்வரலாற்றுக்கு முன்பே இப்பகுதியில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பல சமூகத்தவர் தங்கள் குலவரலாறுகளை அச்சிட்டார்கள். அவற்றில் பல ஓர் அரச வம்சத்தில் போய் முடியும். இதனால் என்ன ஆயிற்று என்பதைக் கமுதி வழக்கு காட்டும். 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி தரப்பில் வழக்குத் தொடரப்பட்டது. தாங்கள் பாண்டியரின் வழிவந்த சத்திரியர்கள் என்ற வாதத்தை எதிர்த்தரப்பு வைத்தது. மதுரை நீதிமன்றத்தில் தோல்வி, சென்னை உயர்நீதிமன்றத்தில் தோல்வி, 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோல்வி. பழைய ஏடுகளையும் வம்சாவளியையும் புரட்டிப் பார்த்த நீதிபதிகள் வழக்கம் என்ன என்று மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தார்கள். வேர் உயர்ந்தது என்று நிரூபித்து உரிமை வாங்கும் வழியில் இருந்த பள்ளம் அதில் வெளிப்பட்டது. அந்த வாதம் வென்றிருந்தாலும் பாண்டிய வம்சம் என்று சொல்லிக்கொள்ள முடியாதவர் வாசலிலேயே நின்றிருப்பார்.

சீனிவாசன் வேறு வழியில் போனார். 1893 அக்டோபரில் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். சிநேகிதர்களே வேண்டாம் என்று தடுத்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும் பெயர் அது. அதற்கு அவர் தன்வரலாற்றில் சொல்லும் காரணம் எளிமையானது: அந்த வகுப்பைச் சேர்ந்தவன் தன்னை இன்னான் என்று தைரியமாகச் சொல்லிக்கொண்டு முன்னால் வந்து உரிமை கேட்காதவரை அவனைத் தாழ்வாகத்தான் நினைப்பார்கள், மறைந்து வாழ்கிறவனுக்கு உரிமை கிடையாது. பள்ளி மணி அடிக்கும்வரை ஒளிந்திருந்த பையன்தான் இதை எழுதுகிறான் என்பதை நினைவில் வைத்துப் படித்தால் இந்த வாதத்தின் எடை தெரியும். மாதம் ஒருமுறை வந்து, பிறகு வாரப் பத்திரிகையாகி, ஏழாண்டுகள் நடந்தது. வட்டமேசை மாநாட்டுக் காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தீண்டாமை என்றால் என்ன என்று அவரிடம் விசாரித்ததாகவும், தெருவில் விழுந்து கிடப்பவனையும் தூக்கிவிட மாட்டார்கள் என்று அவர் விளக்கியதாகவும் ஒரு செய்தி உண்டு. தம்மைத் தீண்டப்படாதவர் என்று அறிவிக்கும் சின்னத்தை அந்தச் சந்திப்புக்கு அணிந்து சென்றார் என்றும் சொல்லப்படுகிறது.

இதே கேள்விக்கு அவர் குடும்பத்துக்குள்ளேயே இன்னொரு விடை இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் சீனிவாசனின் மைத்துனர். பறையன் என்ற பெயரே பிறர் சுமத்தியது; இம்மக்கள் பூர்வ பௌத்தர்கள்; சாதியை ஏற்க மறுத்ததால் தாழ்த்தப்பட்டவர்கள் என்பது பண்டிதரின் துணிபு. 1898-இல் அவர் பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். மைத்துனர் ஒருவர் பெயரை உதறி அதற்கு முந்திய வேரைத் தேடினார். மற்றவர் இருக்கும் பெயரையே கொடியாக உயர்த்தினார். அயோத்திதாசரின் பார்வை அறிவுலகில் செழிப்பானது. ஆயினும் அதிலும் கமுதி வாதத்தின் சாயல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது: பழமையில் ஒரு பெருமை கிடைத்தால்தான் இன்றைய மானம் நிற்கும் என்பது அதன் உட்கருத்து. சீனிவாசனின் வழியில் அந்தத் தேவை இல்லை. முன்னோர் யாராக இருந்தாலும் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை உண்டு என்பதே அவர் கட்சி. 1924-இல் பொதுச் சாலை, கிணறு, குளம் முதலியவை எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அவர் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் முன்னோர்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

பௌத்தம் இந்தக் கேள்வியைக் கையாண்ட விதத்துக்கு மதுரையிலேயே பழைய சான்று உண்டு. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் எழுதிய மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வருகிறது. தாய் கைவிட்ட குழந்தை. ஏழு நாள் பசு பால் கொடுத்துக் காத்தது. ஓர் அந்தணர் எடுத்து வளர்த்தார். வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவன் அவிழ்த்துக்கொண்டு போனதும் பிறப்பு கிளறப்படுகிறது. அவன் பதிலுக்குத் தன் வம்சத்தை உயர்த்திப் பேசுவதில்லை. அவர்கள் போற்றும் முனிவர்களின் பிறப்பு எப்படிப்பட்டது என்று கேட்கிறான். வளர்த்தவரும் வெளியே தள்ள, ஓடேந்தித் தென்மதுரைக்கு வருகிறான். சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, பிச்சை எடுத்ததைக் குருடருக்கும் முடவருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை உண்கிறான். அங்கேதான் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வருகிறது.

கதையின் மறுபாதி இன்னும் பொருத்தமானது. அடுத்த பிறவியில் அவன் சாவக நாட்டு மன்னன் புண்ணியராசன். தன் பிறப்பு வேறு என்று தெரிந்ததும் அரசே வேண்டாமென்று கலங்கி, மணிபல்லவத் தீவுக்கு வருகிறான். அங்கே மணலுக்கடியில் கிடந்த எலும்புக்கூடு அவனுக்குக் காட்டப்படுகிறது. முற்பிறவியில் அவனே விட்டுச்சென்ற உடல் அது. தன்வரலாறு எழுத உட்காரும் எந்த ஆட்சியாளரும் இதைவிட ஆழமாகத் தோண்ட முடியாது. அவ்வளவு தோண்டிய பிறகு அவனுக்குக் கிடைக்கும் அறிவுரை, திரும்பிப் போய் மக்களுக்கு உணவும் உடையும் உறையுளும் கொடுத்து ஆளும்படி. நிலையான 'நான்' என்று ஒன்றில்லை எனும் பௌத்தம் வேரை மறுக்கவில்லை. வினைத்தொடராக அதை ஒப்புக்கொள்கிறது. அந்தத் தொடரை அறிவதால் பெருமையோ வெட்கமோ வரவேண்டியதில்லை, ஒரு கடமை வருகிறது என்பது அதன் நிலை. பௌத்தரான மைத்துனரைவிடப் பௌத்தம் தழுவாத சீனிவாசனே இந்த இடத்துக்கு நெருக்கமாக நிற்கிறார்.

அத்வைதத்தின் விடையும் மதுரையில் கிடைத்ததுதான். திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் தந்தையை இழந்து, மதுரையில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் சிற்றப்பா வீட்டில் தங்கி அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்தார். 1896 ஜூலையில் ஒருநாள் அந்த வீட்டு மாடியில் மரணபயம் கவ்வியது. பிணம்போல் கைகால்களை நீட்டிப் படுத்து, சாவது எது என்று விசாரித்தார். உடல் போனாலும் தான் போவதில்லை என்ற தெளிவு பிறந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். ஆகஸ்ட் 29-ஆம் தேதி திருவண்ணாமலைக்குக் கிளம்பும்போது எழுதிவைத்த சீட்டு தன்மையில் தொடங்குகிறது. அடுத்த வரியிலேயே 'இது' என்று மாறிவிடுகிறது. கடைசியில் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். தகப்பனாரைத் தேடிப் போவதாக அந்தச் சீட்டுச் சொல்லும். பெற்ற தந்தை இறந்து நான்காண்டு ஆகியிருந்தது. தேடிய தகப்பன் அருணாசலம். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அவர் தன்வரலாறு எழுதவில்லை, எழுதவும் முடியாது. 'நான் யார்' என்ற விசாரணையில் ஊரும் பேரும் முதலில் உதிர்பவை.

தன்வரலாறு என்ற வடிவத்துக்கே இது பெரிய ஆட்சேபம். உடலுக்கு வந்த பெயரையும் குலத்தையும் 'நான்' என்று எழுதுவது அறியாமை என்றால், தலைவர்களின் நினைவுநூல்கள் அகங்காரத்தின் பதிவுகள் ஆகிவிடும். ஆட்சேபம் வலுவானது, ஆனால் பாதிதான் செல்லும். 1936-இல் ஆசிரம வழக்கு ஒன்றில் சாட்சியம் கேட்டவர்கள், நான்கு ஆசிரம வாழ்க்கை நிலைகளில் எதைச் சேர்ந்தவர் என்று ரமணரை வினவினார்கள். நான்கு நிலைகளுக்கும் அப்பாற்பட்டது என்பதாக அவர் விடை சொன்னார், அது பதிவாயிற்று. வருணாசிரமத்துக்கு அப்பால் இருப்பதாக ஒருவர் சொன்னால் உலகம் கைகூப்பும். வருணத்துக்கு வெளியே வைக்கப்பட்ட ஒருவர் அதையே சொன்னால் தெருவைவிட்டு ஒதுங்கு என்று சொல்லும். ரமணர் பேதம் பார்த்தவர் அல்லர். இருந்தும் அந்த ஆசிரமத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணருக்குத் தனிப் பந்தி வெகுகாலம் இருந்தது. குலத்தை மறப்பது மறக்க விடப்பட்டவர்களுக்குச் சாத்தியமான சாதனை. சீனிவாசன் கோயமுத்தூரில் அதை மறக்கவே முயன்றார், பள்ளிக்கூடம் விடவில்லை.

பக்தி மார்க்கத்தின் சமாதானம் வேறு மாதிரி. திருவாலவாய்க் கோயில் வாசலில் நின்று யாழிசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணரை உள்ளே அழைத்துவரும்படி சொக்கநாதரே அடியார்களுக்குக் கட்டளையிட்டார், யாழ் ஈரத்தில் கெடாதிருக்கப் பொற்பலகையும் கொடுத்தார் என்று பெரியபுராணம் சொல்லும். நெஞ்சைத் தொடும் கதை. ஆனால் பலகை அவர் ஒருவருக்குத்தான். அவருடைய பாண்குலம் அன்றும் அதற்குப் பிறகும் வாசலுக்கு வெளியேதான் நின்றது. மதிலில் ஒரு துளை போட்டு ஒருவரை எடுத்துக்கொள்ளும் அருளும், மதிலை இடிக்கும் நியாயமும் ஒன்றல்ல.

அந்த மதில் அசைந்ததும் சீனிவாசனின் நூல் வந்த அதே 1939-இல்தான். ஜூலை 8-ஆம் தேதி காலை அ.வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தலித் தொண்டர்களை அழைத்துச் சென்றார். மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியைச் சேர்ந்த கக்கன் அவர்களில் ஒருவர்; கமுதியில் தடுக்கப்பட்ட நாடார் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரும் உடன் சென்றார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு வரவேற்றார். பட்டர்களில் ஒரு சாரார் கோயிலுக்கு வர மறுத்தார்கள். ராஜாஜி அரசு அவசரச் சட்டமும் பிறகு முறையான சட்டமும் கொண்டுவந்து ஆலயப் பிரவேசத்துக்குக் காப்பளித்தது. கமுதித் தீர்ப்பில் வென்ற 'வழக்கம்' இங்கே சட்டத்தால் வெட்டப்பட்டது. உள்ளே போனவர்களிடம் யாரும் வம்சாவளி கேட்கவில்லை.

சீனிவாசனின் நிலைக்கும் ஓர் எல்லை உண்டு. 1935-இல் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தபோது சீனிவாசன் அதை ஏற்கவில்லை. தம் மக்கள் நான்கு வருணத்துக்கும் வெளியே இருப்பவர்கள். வெளியே இருப்பவன் எதிலிருந்து வெளியேறுவது என்பது அவர் வாதம். தர்க்கம் சுவையானது. அம்பேத்கர் கேட்டது மதப்பட்டியலில் ஓர் இடமல்ல, மனிதனாக மதிக்கும் ஓர் அறம் என்பதால் இந்தப் பதில் அவருக்குப் போதவில்லை என்றும் சொல்லவேண்டும்.

சீனிவாசனின் தன்வரலாறு போன்ற நூலை எப்படிப் படிப்பது என்பதற்கு வெளியிலிருந்து ஓர் ஒப்புமை உதவும். 1995-இல் வெளிவந்த பராக் ஒபாமாவின் நினைவுநூல் கென்யாவில் தந்தையின் கிராமத்துக்குப் போய், தந்தையும் பாட்டனாரும் அடங்கிய சமாதிகளுக்கு நடுவே அமர்ந்து அழும் மகனைக் காட்டுகிறது. தொலைந்த வேர் கிடைத்தால் தன்னையே கண்டுகொள்ளலாம் என்ற எதிர்பார்ப்பில் நகரும் நூல் அது. சீனிவாசனுக்கு வேர் தொலையவே இல்லை. கூடவே துரத்தி வந்தது. அதனால்தான் அவர் நூலில் தேடல் இல்லை, உள்மனத் தவிப்பு இல்லை, மனைவி மக்கள் பற்றிக்கூட அதிகம் இல்லை. மனுக்கள், கூட்டங்கள், தேதிகள், அதிகாரிகளின் பதில்கள் இருக்கின்றன. இலக்கியமாகப் பார்த்தால் வறட்சி. கோர்ட்டில் வைக்கும் வாக்குமூலமாகப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் தேவையானது. அந்தரங்கத்தைத் தேடிப் போகும் வாசகர் ஏமாறுவார். சாட்சியத்தைத் தேடுகிறவருக்கு இதைவிடக் கச்சிதமான நூல் கிடைப்பது அரிது.

அடையாளம் பற்றி இந்த நூலிலிருந்து பெறக்கூடிய நிலைப்பாடு இதுதான்: பிறப்பு ஒரு தகவல், அதை யார், எந்தச் சபையில், எதைக் கேட்டுச் சொல்கிறார் என்பதில்தான் அது அடையாளமாகிறது. பள்ளி வாசலில் பிறர் துருவிக் கேட்டபோது அது அவமானமாக இருந்தது. அதையே பத்திரிகைத் தலைப்பாக அவர் எழுதியபோது உரிமைக் கோரிக்கை ஆயிற்று. குலம் மாறவில்லை, கேட்பவரும் சொல்பவரும் இடம் மாறினார்கள். வேர் உண்மையா பொய்யா என்ற வேதாந்த விசாரணைக்கு இது விடையல்ல என்பது மெய். அந்த விசாரணையை நிம்மதியாக உட்கார்ந்து செய்வதற்கு ஒரு திண்ணை எல்லாருக்கும் வேண்டுமே என்ற முன்கேள்வியை இது எழுப்புகிறது.

பெயரைச் சொல்லிப் பொது இடத்தில் உட்காருவது இன்றும் எளிதாகிவிடவில்லை. தனித்தொகுதியில் நிற்கிறவர் சாதிச் சான்றிதழோடு வேட்புமனு தரவேண்டும். சீனிவாசன் 1893-இல் துணிந்து செய்ததை இன்று சட்டமே செய்யச் சொல்கிறது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மனுச் செய்ய ஆள் கிடைக்காமலும், வென்றவர்கள் உடனே பதவி விலகியும் பத்தாண்டுகள் அந்த நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றது 2006 அக்டோபரில்.